கதவில் பதித்த கண்ணாடி

விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லப்படும் விதி அது. கைநழுவிய கண்ணாடி போனது போனதுதான்; அதை விட்டுவிட்டுப் பின்னால் பாய வேண்டும். பிடிக்க நீண்ட கை மணிக்கட்டோடு அறுபடும். சில மாதங்கள் பழகியவருக்கு இது யோசித்துச் செய்யும் காரியமாக இராது. வீட்டில் தம்ளர் நழுவினால்கூடக் கால்கள் தாமாகவே பின்வாங்கும். பட்டறை முதலாளியான கண்ணாடிக்காரரின் மனைவி, கல்யாணமான புதிதில் கணவர் சமையலறையில் அப்படித் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிறகு அவளுக்கும் அந்தத் துள்ளல் தொற்றிக்கொண்டது.

அன்று காலை, கடைமுகப்பு ஒன்றுக்கு வேண்டிய ஆள் உயரக் கண்ணாடியைச் சாய்ப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக் கம்பளி விரித்த மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்தவர் மீசை; பட்டறையின் மூத்த தொழிலாளி. மறுமுனையில் ஸ்கேல். உயரமும் ஒடிசலுமான உடம்பு ஒரு காரணம். அளவுகோல் வைக்காமலே, கண்ணாடி அறுக்கும் வைரமுனையால் நேர்கோடு இழுத்துவிடும் கை இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்து அவனுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்திருந்தன. கண்ணாடிக்காரரின் மனைவிக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. அவள் ஒருத்திதான் அவனைத் தம்பி என்று அழைப்பாள். அவளையோ பட்டறையில் எல்லாருமே அக்கா என்றுதான் அழைத்தார்கள்.

மேசைக்கு இன்னும் நாலைந்து எட்டு இருக்கும்போது ஸ்கேலின் இடது கால் தரையைத் தேடுவதுபோல அகன்று விழுந்தது. கண்ணாடி சாய்ந்தது. “விடுடா” என்று சொல்லிக்கொண்டே மீசை பின்னால் பாய்ந்தார். கல்லாவுக்கு அருகில் நின்ற கண்ணாடிக்காரரும், முகம்பார்க்கும் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவும், தங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லாத தொலைவில் இருந்தும், ஓரடி பின்வாங்கினார்கள்.

ஸ்கேல் பாயவில்லை. கண்ணாடி அவன் காலடியில் விழுந்து சிதறி அடங்கும்வரை, அது வேறு யாருடைய கடையிலோ நடக்கிற காரியம் என்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முழங்காலுக்குக் கீழே துணி கிழிந்து, மெல்லிய இரத்தக் கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்கியது.

“என்னப்பா, ஸ்கேல் இன்னிக்கு வளைஞ்சு வந்திருக்கு?” என்றார் மீசை. யாரும் சிரிக்கவில்லை.

கால் வழுக்கிவிட்டது என்று ஸ்கேல் பதில் சொன்னான். சொற்கள் தனித்தனியே வரவில்லை. ஈரத்தில் கிடந்த தாள்களைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

கண்ணாடிக்காரர் துடைப்பத்தைத் தாமே எடுத்துச் சில்லுகளைக் கூட்டினார். கூட்டி முடித்த பிறகு மனைவியைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, “மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்” என்றார்.

எதை என்று கேட்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவன் ஹெராயின் புகைத்து வந்தான். பவுடர் என்றுதான் சொல்வார்கள். வெள்ளித்தாளில் சிறிது கொட்டி, அடியில் நெருப்பைக் காட்டி, மேலே எழும் புகையைச் சிறு குழாயால் துரத்தித் துரத்தி இழுப்பான். ஊசியைத் தொட்டதே இல்லை என்பதில் அவனுக்கு ஒரு கௌரவமே இருந்தது. ஊசி போடுகிறவன்தான் சாவான், நான் புகைதானே விடுகிறேன் என்பான். ஏதோ ஒழுக்கமான வகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவனைப்போல.

அதை விட்டு மூன்று வாரம்போல ஆகியிருந்தது. விட்ட விதம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. பட்டறைக்குப் பின்னால், பழைய சட்டங்கள் போட்டுவைத்திருந்த அறை ஒன்று உண்டு. உள்ளேயே சின்னக் குளியலறையும் உண்டு. முதல் தடவை அவனை அதில் வைத்துப் பூட்டியபோது, நெஞ்சு அடைக்கிறது, செத்துப்போகிறேன் என்று அவன் கதறியதைக் கேட்கச் சகிக்காமல் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். திறந்த கதவின் வழியே ஓடியவனைப் பொதுக் கழிப்பறை ஒன்றில், மூச்சு நின்றுபோகும் நிலையில் கண்டெடுத்தார்கள். அந்த நாளிலிருந்து சாவி கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில்தான் இருந்தது.

இரண்டாம் தடவைக்கான ஏற்பாட்டை ஸ்கேலே செய்தான். வெளித்தாழ்ப்பாளைத் தன் கையால் திருகாணி போட்டு முடுக்கினான். கதவின் நடுவில் முகம் அளவுக்கு ஓட்டை போட்டு, கடையில் இருந்ததிலேயே தடித்த கண்ணாடியை வெட்டிப் பதித்தான். சம்மட்டியால் அடித்தாலும் உடையாதது. “எனக்கு என்னைத் தெரியும் அக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான்:

“நான் என்ன சொன்னாலும் திறக்காதே. அழுவேன், உன்னை அசிங்கமாத் திட்டுவேன், செத்தவன் மாதிரி கண்ணை மூடிக் கிடப்பேன். எல்லாம் நடிப்பு. இந்தக் கண்ணாடி வழியாப் பாரு, பார்த்துட்டுப் போயிடு. நீ திறந்தா என்னைக் கொன்ன மாதிரி.”

சொன்னபடியே அழுதான், திட்டினான், கிடந்தான். அவள் கணவரிடம் சாவி கேட்கவில்லை. கடைசியில் எலும்பும் தோலுமாக, ஆனால் பசியோடு வெளியே வந்தான். அன்று அவன் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டதைப் பார்த்து, கண்ணாடிக்காரர் தம் தட்டிலிருந்ததையும் அவன் பக்கம் தள்ளினார்.

அப்படி வந்தவன்தான் இப்போது தள்ளாடினான்.

அக்கா அவனை வெளிச்சத்துக்கு அழைத்துவந்து முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். இந்தச் சோதனையில் அவள் தேர்ந்தவள். பவுடர் உள்ளே போயிருந்தால் கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருக்கும். கிடைக்காமல் தவித்தால் அகல விரிந்து மூக்கு ஒழுகும். இப்போது இரண்டும் இல்லை. மற்றவர்கள் கண்போலவே இருந்தது. சட்டைப்பை, காலுறை, தலையணை உறை, குளியலறை ஓடு, எங்கும் துழாவினாள். கருகிய வெள்ளித்தாள் ஒன்றும் அகப்படவில்லை. கணவரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. பவுடர் இல்லாவிட்டால் மாத்திரை. ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பான் என்றார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. இரண்டு ஆண்டுகளில் அவன் சொன்ன பொய்களை அடுக்கினால் கடையின் சாய்ப்புச் சட்டம் நிறையும். பொய் சொல்லும்போது கண்ணைக் கூரையின் மூலைக்கு ஓடவிடுவான் என்பதைக்கூட அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

“எடுக்கல அக்கா” என்றான் ஸ்கேல். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். ஆனால் நாக்கு குழறியது, கால் அகன்றது. பார்ப்பவர் எவரானாலும் போதை என்றுதான் சொல்வார்.

அறைக்குள் போ என்றார் கண்ணாடிக்காரர். அவன் போனான். வாசற்படியில் தோள் இடித்தது. மறுபடி நேராகி உள்ளே சென்று கட்டிலில் உட்கார்ந்தான். தாழ்ப்பாள் விழும் ஓசைக்கு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் அந்த அறைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் வசவு, அடுத்து அழுகை, அதற்கடுத்துத் தந்திரம். தந்திரத்தில் அவன் கைதேர்ந்தவன். வெளியே விடாவிட்டால் பரவாயில்லை, ஒரே ஒரு சிகரெட்டாவது கொடு, அதன் தாளை மட்டுமாவது கொடு என்று படிப்படியாக இறங்கிவருவான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட, உங்கள் வீட்டில் வானொலி பாடுகிறதே என்று கேலி பேசியதுண்டு. இந்தத் தடவை வானொலி பாடவில்லை.

இரண்டாம் நாளும் அறை அமைதியாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறான் என்றார் கண்ணாடிக்காரர். அக்கா கதவுக்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். அவன் தூங்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியாகத் தள்ளிய தட்டு மடியில் இருந்தது. கரண்டியைப் பாதித் தூரம் தூக்கிய கை அங்கேயே நின்றிருந்தது. அவள் அடுக்களைக்குப் போய், அடுப்பை அணைத்து, திரும்பி வந்து பார்த்தாள். கை அங்கேயே நின்றிருந்தது.

தம்பி என்று கூப்பிட்டாள். தலை மெதுவாகத் திரும்பியது. அவளைத் தெரிந்துகொண்டான் என்றே தோன்றியது. ஆனால் அவன் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றாள்; பதில் இல்லை. சிகரெட் வேண்டுமா என்று, தன் காதுக்கே கூச்சமாக ஒலித்த குரலில் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் அவன் கால்சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தாள். எவ்வளவு கேவலப்பட்ட நாளிலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனவன் அவன்.

அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருத்தி, முதல் தடவை கதவைத் திறந்து அவனைக் கழிப்பறைத் தரைக்கு அனுப்பியவள். அவள் இனி எதையும் நம்பமாட்டாள். செத்தவன் மாதிரி கிடப்பேன் என்று அவனே சொன்னானே, அதைத்தான் செய்கிறான். நடிப்பின் புது அத்தியாயம். மற்றவளுக்குச் சொல்ல வாதம் எதுவும் இல்லை. அந்தக் கை கரண்டியோடு நின்ற விதம் மட்டுமே அவளிடம் இருந்தது.

பட்டறைக்குச் சென்று கணவரிடம் சாவி கேட்டாள். அவர் மேசையில் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடியும்வரை நிமிரவில்லை. பாதியில் நிறுத்திய கோடு பின்னர் எங்கே வேண்டுமானாலும் விரிசல் விடும்.

“மாட்டேன்” என்றார். “முதல் தடவையே பட்டாச்சு. விழுற கண்ணாடியப் பிடிக்காதே. உன் கையும் சேர்ந்து போயிடும்.”

“பிடிக்கச் சொல்லலைங்க. ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. நேத்து அவன் ஏன் பாயல?”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“போன வருஷம், பவுடர் ஏத்திக்கிட்டு வேலைக்கு வந்தானே, கண்ணு சொருகிப்போய். அப்ப ஜன்னல் கண்ணாடி நழுவுச்சே. என்ன செஞ்சான்? பூனை மாதிரி பின்னால போனான். நீங்கதான் சொன்னீங்க, போதையிலயும் தொழில் மறக்கலன்னு. நேத்து நீங்க பாய்ஞ்சீங்க, மீசை அண்ணன் பாய்ஞ்சார், மூலையில நின்ன நான் பாய்ஞ்சேன். அவன் மட்டும் நின்னான்.”

கண்ணாடிக்காரர் வைரமுனையை எண்ணெய்க் கிண்ணத்தில் வைத்தார். போதை மனிதனின் புத்தியைத் தின்னலாம், வெட்கத்தைத் தின்னலாம். இருபது வயதிலிருந்து கண்ணாடியோடு வாழும் கால்களை அது தின்றதை அவர் பார்த்ததில்லை.

இருவரும் கதவுக்கு வந்தார்கள். அவர் உடனே திறந்துவிடவில்லை. சாவியை எடுத்துக் கதவுக்கண்ணாடிக்கு நேரே பிடித்து ஆட்டினார். முன்பெல்லாம் அந்தச் சாவி சட்டைப்பைக்குள் கிணுங்கினாலே ஸ்கேல் கதவுக்கு ஓடிவந்துவிடுவான். இப்போது அவன் பார்வை சாவியின்மேல் விழுந்தது, சிறிது நேரம் அங்கே இருந்தது, பிறகு தரைக்கு வழிந்தது.

கண்ணாடிக்காரருக்குச் சாவித்துவாரம் உடனே அகப்படவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், பின்னிருக்கையில் தம்பியின் தலையைத் தோளில் தாங்கியிருந்தவளுக்கு அவர் ஒன்றைச் சொல்லிவைத்தார். கண்ணாடி விழுந்து தலையில் பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பவுடர் என்ற பேச்சே எழக் கூடாது. எழுந்தால் போலீஸ் வரும், பட்டறையைப் புரட்டிப் போடும், வேலை கொடுத்தவர்கள் எல்லாம் வேறு கடை பார்ப்பார்கள். அவளும் தலையாட்டினாள். அவன் பிழைத்தெழுந்தால் சிறைக்குப் போவானோ என்பது அவளுடைய பயம்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்த்தார். குடிப்பாரா என்று கேட்டார்; இல்லை என்றார்கள். தலையில் வீக்கம் இருக்கிறதா என்று தடவினார். சொன்ன கதைக்கு ஏற்ப அவசரமாகத் தலையை ஒரு படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, இரத்தம் கசியவில்லை என்றார். அதிர்ச்சியாக இருக்கலாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணாடிக்காரரின் முகத்தில் நிம்மதி வந்தது. அக்கா மட்டும் கிளம்பவில்லை. பொய்க்குப் படம் எடுத்தால் படத்திலும் பொய்க்குத்தானே பதில் வரும்.

அடுத்த படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மருத்துவர், நரை தோன்றிய பெண்மணி, போகிற போக்கில் நின்றார். ஸ்கேலை அவன் விரலால் தன் விரலைத் தொடச் சொல்லி, பிறகு அவன் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் காற்றில் அலைந்து கன்னத்தில் குத்தியது. நாலு எட்டு நடக்கச் சொன்னார். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. படத்தை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

“தலையில எந்த இடத்துல பட்டுச்சு?” என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் தம் தலையின் வலப்பக்கத்தைக் காட்டினார். அக்கா, அதே கணத்தில், தன் தலையின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

மருத்துவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. “எனக்கு நேரமில்ல. அவருக்கு அதைவிட இல்ல” என்றார். “இவர் என்ன எடுத்துக்கிட்டார்?”

கண்ணாடிக்காரரின் கை அவள் முழங்கையை அழுத்தியது. மெதுவாகத்தான் அழுத்தியது, கெஞ்சுகிற அழுத்தம். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றபடி சொன்னாள்.

“பவுடர், டாக்டர். ஹெராயின். விட்டு மூணு வாரம் ஆச்சு. சத்தியமா விட்டுட்டான்.”

“ஊசியா?”

“இல்ல, புகை.”

“எப்படி? சிகரெட்லயா?”

அவள் அதைச் சொல்லிக் காட்ட முயன்றாள், சொல் வரவில்லை. மருந்துத் தட்டில் கிடந்த மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை உரித்தாள். நடுவில் ஒரு மடிப்பு விட்டுப் பள்ளமாக்கினாள். அடியில் நெருப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு கட்டைவிரலை ஓடவிட்டாள். தாளை இப்படியும் அப்படியும் சாய்த்து, உருகி ஓடுகிற எதையோ பின்தொடர்வதுபோல உதட்டைக் குவித்துக் கொண்டுபோனாள். பிசகில்லாத செய்கை. இரண்டு ஆண்டுகள் சாவித்துவாரங்கள் வழியாகவும் கதவிடுக்குகள் வழியாகவும் பார்த்து மனப்பாடம் ஆனது. முடித்த பிறகுதான், இளம் மருத்துவரும் செவிலியும் தன்னையே பார்ப்பது அவளுக்கு உறைத்தது. தாளைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள்.

மூத்த மருத்துவர் வேறு எங்கும் பார்க்கவில்லை. வேறுவகைப் படம் எடுக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம், இன்றைக்கே என்று இளையவரிடம் சொன்னார். போலீஸ் வருமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். நான் கூப்பிடுவது நரம்பு வைத்தியரைத்தான் என்று பதில் வந்தது.

படம் வந்ததும் அவர்களை உட்காரவைத்துக் காட்டினார். சாம்பல் நிற வட்டத்துக்குள், இருபுறமும் ஒன்றுபோலவே, வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. வட்டத்தை நடுவில் மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் என்று தோன்றுமளவுக்கு ஒழுங்காகப் படர்ந்திருந்தது. மூளைக்குள் செய்தி போகும் இழைகளுக்கு மேலே ஓர் உறை உண்டு. அது பஞ்சுபோலப் பொத்தல் விட்டிருக்கிறது என்றார். பவுடரைச் சூடுபடுத்தி அந்தப் புகையை இழுக்கிறவர்களில் எங்கோ சிலருக்கு மட்டும் இப்படி நேர்கிறது. அந்தப் புகையில் எது இதைச் செய்கிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. நிறுத்தி வாரக்கணக்கான பிறகும் தலைகாட்டும். குடித்தவன் மாதிரி நடை, குழறல், பிறகு எதிலும் நாட்டமில்லாமை.

கண்ணாடிக்காரர் படத்திலிருந்த வெண்மையின்மேல் விரல் வைத்தார். “கண்ணாடி உடையல. பின்னால ரசம் போயிடுச்சு. அப்படித்தானே டாக்டர்?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“ரசம் போனா நாங்க திரும்பப் பூசுவோம்.”

“இதுக்குப் பூச எங்களுக்குத் தெரியாது. உடம்பே பூசிக்கிட்டாத்தான் உண்டு. சில மாத்திரை குடுத்துப் பார்ப்போம். கேட்கும்னு உறுதி சொல்லமாட்டேன். இப்ப இருக்கறதைவிட மோசமாகும், அதுக்குத் தயாரா இருங்க. அதுக்கப்புறம் சில பேர் திரும்பி வர்றாங்க. சில பேர் வர்றதில்ல.”

அவனைப் பூட்டிவைத்ததால் கெட்டதா என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டுக் கணவரைப் பார்க்கவில்லை. நோய் பூட்டியதால் வந்ததன்று என்றார் மருத்துவர். ஆனால் சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல் இன்னும் சில நாள் உள்ளேயே இருந்திருந்தால், ஆள் பிழைத்திருக்க மாட்டார், நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்க வேண்டி வந்திராது என்றார்.

மோசமாகும் என்றது மோசமாயிற்று. கைகால் விறைத்தன. பேச்சு முழுவதுமாக நின்றது. மூக்கு வழியே குழாய் போட்டு உணவு ஊற்றினார்கள். கண் மட்டும் திறந்திருந்தது; ஆள் எதிரில் வந்தால் பார்க்கும், போனால் விட்டுவிடும். காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிய வாரத்தில், யாருக்காவது சொல்லியனுப்ப வேண்டுமானால் சொல்லிவிடுங்கள் என்றார்கள். சொல்லியனுப்ப அவர்களுக்கு யாரும் இல்லை. மீசை தாமாகவே வந்தார். படுக்கை அருகில் நின்று, “ஸ்கேலு, கடையில எல்லாக் கோடும் கோணலாப் போகுது, சீக்கிரம் வா” என்றார். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

அக்கா ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தாள். அவன் ஏதாவது கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அவன் கேட்பதைக் கேட்டுக் கேட்டுச் செவியைப் பூட்டிக்கொண்டவள், இப்போது அந்தச் செவியை அவன் உதட்டருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காய்ச்சல் விட்டது. விறைப்பு மெதுவாகத் தளர்ந்தது. குழாயை எடுத்துவிட்டுக் கூழாகப் புகட்டலாம் என்றார்கள். இனி வீட்டிலேயே பாருங்கள் என்று ஒரு நாள் அனுப்பிவைத்தார்கள்.

அவனைப் பின்னறையிலேயே படுக்கவைக்க வேண்டியிருந்தது. படியேறாமல் குளியலறைக்குப் போகக்கூடிய அறை வேறில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே கண்ணாடிக்காரர் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தார். திருகாணி இருந்த துளைகளில் சுண்ணாம்பு அடைத்திருந்தார். கதவுக்கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தார். அதை உடைக்காமல் எடுக்க முடியாது என்று காரணம் சொன்னார்.

காலையும் மாலையும் மாத்திரை. அக்கா அதை அவன் நாக்கில் வைத்துத் தண்ணீர் புகட்டுவாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே எழுந்திருப்பாள். சில வாரங்களில் அவனே தம்ளரைப் பிடிக்கக் கற்றான். பாதித் தண்ணீர் மார்பில் வழியும். ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள் வந்தன. அவையும் கேட்டால்தான் வரும். வேண்டும் என்ற சொல் வரவே இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், அவனைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் படுக்கையை உதறினாள். தலையணை உறைக்குள் விரல் எதிலோ ஒட்டியது. வெளியே எடுத்தாள். வாயில் நனைந்து, பாதி கரைந்து, மறுபடி காய்ந்த மாத்திரைகள். ஒன்றல்ல, ஒரு பிடி.

தலையணை உறைக்குள் எதைக் கண்டாலும் குலைநடுங்கிப் பழகியவள் அவள். அந்த நடுக்கம் முதலில் வந்தது. பிறகுதான் கையில் இருப்பது என்ன என்பது புரிந்தது. மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாற்காலிக்கு எதிரில் முழங்காலிட்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“தம்பி, காலையில மாத்திரை போட்டியா?”

அவன் அவளைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்து, எங்கோ இடித்து, வேறு வழி தேடி வந்தது. பிறகு அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு விலகி, மேலே, கூரையின் மூலைக்கு ஓடின.

“போட்… டேன்” என்றான்.

அக்கா அசையவில்லை. கசப்பு பிடிக்காமல், அவள் திட்டுவாள் என்று தெரிந்து, தெரிந்ததை மறைக்க வழி யோசித்து, யோசித்ததைச் சொல்லாக்கி வெளியே அனுப்பியிருக்கிறான். இவ்வளவும் அந்த மண்டைக்குள் நடந்திருக்கிறது. வருகிறவன் முழுசாகத்தான் வருவான், பாதியை வடிகட்டி வாங்கிக்கொள்ள முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பொய்க்குப் பின்னால், எங்கோ தொலைவில், வெள்ளித்தாளும் நின்றது. அதற்கான பயத்தை அவள் பத்திரமாக ஒரு பக்கம் வைத்தாள். நாளைக்கு வேண்டியிருக்கும்.

“ஏங்க” என்று பட்டறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இங்க வாங்க. தம்பி பொய் சொல்றான்.”

அந்த வீட்டில் அந்த வாக்கியம் நல்லதற்குச் சொல்லப்பட்டதே இல்லை. கண்ணாடிக்காரர் தோல் கையுறையைக் கழற்றாமலே ஓடிவந்தார். பழக்கத்தால் முதலில் கதவுக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளையும், நாற்காலியில் இருந்தவனையும் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன பொய்?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். “இதைப் போட்டேங்கறான்.”

அவர் மாத்திரைகளைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். கட்டிலின் விளிம்பில், அவனுக்கு நேர் எதிரே, மெதுவாக உட்கார்ந்தார்.

“எங்க,” என்றார். “என்கிட்டயும் சொல்லு பார்ப்போம்.”

மழை பட்டறையின் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். ஸ்கேலின் கண்கள் கூரை மூலையைத் தேடிப் புறப்பட்டன.

“போட்டேன்… அத்தான்.”